பாலைவன ஓரத்து நகரில் பருவந்தோறும் காற்று: ஜோத்பூரின் புழுதியைப் பற்றிய பாடம்

ஆரவல்லி மலைத்தொடருக்கு மேற்கே தார்ப் பாலைவனம் பரந்து கிடக்கிறது. அதன் கிழக்கு ஓரத்தில் அமைந்த பெருநகரம் ஜோத்பூர். 1459-ஆம் ஆண்டில் ராவ் ஜோதா குன்றின் மீது கோட்டை கட்டத் தொடங்கிய நாள் முதல் இவ்வூர் மணலின் அண்டையிலேயே வாழ்ந்து வருகிறது. இங்கே ஆண்டுக்குப் பெய்யும் மழை சராசரியாக 360 மில்லிமீட்டர் அளவினது. மேற்கே ஜெய்சல்மேருக்குச் சென்றால் அதில் ஏறத்தாழப் பாதிதான் கிடைக்கும். கடற்கரை ஊருக்கு உப்புக் காற்று எப்படியோ, அப்படியே இவ்வூருக்குப் புழுதிக் காற்று.

இப் புழுதியைக் குறித்து இரண்டு கருத்துக்கள் வழங்கி வருகின்றன. பாலைவனத்து ஊரில் புழுதி இயற்கையே, அதற்கு யாரும் பொறுப்பல்லர் என்பது ஒன்று. அளவு கருவி வரம்பை மீறிய எண்ணைக் காட்டுவதால் ஆலைகளும் வண்டிகளுமே காற்றைக் கெடுத்துவிட்டன என்பது மற்றொன்று. ஒவ்வொன்றிலும் உண்மையின் ஒரு பங்கு உண்டு. ஆனால் எந்த மாதத்தில், எந்த அளவுடைய துகளைப் பற்றிப் பேசுகிறோம் என்று கேட்காதவரை இரண்டும் பயனற்றவை. களத்தில் மாதிரி எடுக்கும் ஊழியரும், வகுப்பில் காற்றைப் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியரும் இக் கேள்வியிலிருந்தே தொடங்குதல் நலம்.

துகளின் அளவும் அதன் பயணமும்

ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கை மைக்ரான் என்கிறோம். நம் தலைமயிரின் கனம் ஏறத்தாழ 70 மைக்ரான். காற்று மணலை நகர்த்தும் விதத்தை முறையாக ஆராய்ந்து 1941-இல் நூலாக வெளியிட்டவர் பாக்னால்ட் என்ற ஆங்கிலப் பொறியாளர். அவர் வகுத்த முறையில், அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருமணல் தரையோடு உருண்டு செல்லும். அதற்குச் சிறிய மணல் துள்ளித் துள்ளிச் செல்லும். ஏறத்தாழ 70 மைக்ரானுக்குக் குறைந்த துகள்களே காற்றில் மிதந்து செல்லும்.

இதில் மாணாக்கருக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. மிக நுண்ணிய துகளைக் காற்று எளிதில் கிளப்பிவிடும் என்றே நாம் எண்ணுவோம். உண்மை அப்படியன்று. நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் தன்மையுடையன. ஆகையால், வெறுங் காற்று அவற்றை எளிதில் பிரிப்பதில்லை. முதலில் கிளம்புவது 80 முதல் 100 மைக்ரான் அளவுள்ள மணலே. அம் மணல் துள்ளி விழும்போது தரையைச் சம்மட்டிபோல் அடிக்கிறது. அந்த அடியில்தான் நுண்புழுதி சிதறி மேலெழுகிறது. மழைக்குப்பின் உலர்ந்து இறுகிய மண்ணின் மேலோடு உடையாமல் இருந்தால், பலத்த காற்றிலும் அவ்விடத்தில் புழுதி அதிகம் எழாது. ஆடுமாடுகளின் குளம்பும், உழவு இயந்திரமும், பாதையைவிட்டு விலகி ஓடும் வண்டியும் அவ்வோட்டை உடைக்கும்போது புழுதி பிறக்கிறது. இயற்கைப் புழுதி, மனிதனால் வந்த புழுதி என்று இரண்டையும் கோடு கிழித்துப் பிரிப்பது கடினம் என்பதற்கு இதுவே முதற் காரணம்.

மேலெழுந்த துகள் எவ்வளவு நேரம் மிதக்கும்? அசையாத காற்றில் 100 மைக்ரான் மணல் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் விழுந்துவிடும். 10 மைக்ரான் துகளோ மணிக்கு ஏறத்தாழ 30 மீட்டர்தான் இறங்கும். 2.5 மைக்ரான் துகள் மணிக்கு 2 மீட்டர்கூட இறங்குவதில்லை. ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறிவிட்ட 10 மைக்ரான் துகள் தரையைத் தொட 33 மணி நேரம் ஆகும். அதற்குள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகமுள்ள காற்று அதை 660 கிலோமீட்டர் தூரம் கொண்டு சென்றிருக்கும். ஜோத்பூரிலிருந்து தில்லி நேர்கோட்டில் ஏறத்தாழ 490 கிலோமீட்டர் வடகிழக்கே உள்ளது. மே, ஜூன் மாதங்களில் இங்கே காற்று வீசுவதோ தென்மேற்கிலிருந்து. மேலும் விளக்க வேண்டியதில்லை. அதே காற்று ஜோத்பூருக்குக் கொண்டுவருவது பார்மேர் மாவட்டத்தின் மணலையும், அதற்கப்பால் பாகிஸ்தானின் தார்பார்க்கர் பகுதியின் புழுதியையும், நகருக்குத் தெற்கே வறண்டு கிடக்கும் லூனி ஆற்றுப் படுகையின் வண்டலையும் ஆகும்.

கோடையின் இருவகைக் காற்று

ஏப்ரல் முதல் ஜூன் வரை வடமேற்கு இந்தியாவின் தரை கடுமையாகக் காய்கிறது. ஜோத்பூருக்கு வடக்கே உள்ள பலோடியில் 2016 மே 19 அன்று 51 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. காய்ந்த தரையின்மேல் காற்றழுத்தம் குறைகிறது; அக் குறைவை நோக்கித் தென்மேற்கிலிருந்து காற்று விரைகிறது. இது நாள்தோறும் காலை பத்து மணியளவில் வலுத்து, பிற்பகலில் உச்சம் அடைந்து, சூரியன் மறைந்தபின் தணிகிறது. இரவில் தரை குளிர்ந்து கீழ்க்காற்று அசைவற்று நிற்பதால், மேலே ஓடும் வேகமான காற்று கீழே இறங்குவதில்லை. பகலில் தரை சூடேறிக் காற்று மேலும் கீழும் கலக்கும்போதே அவ்வேகம் தரையை எட்டுகிறது. இவ்வகைக் காற்றில் புழுதி சுவர்போல் வருவதில்லை. வானம் முழுதும் வெண்மஞ்சளாகி, கதிரவன் மங்கிய தட்டுப்போல் தோன்றுவான். சில வேளைகளில் இம் மங்கல் நாட்கணக்கில் நீடிக்கும்.

மற்றொரு வகையை அவ்வூரார் ஆந்தி என்பர். இது பெரும்பாலும் மாலையில் வருவது. அதன் தோற்றம் வேறு. கோடையில் கீழ்க்காற்று மிகவும் உலர்ந்திருப்பதால் இடிமேகத்தின் அடிப்பகுதி மிக உயரத்தில் அமைகிறது. அதிலிருந்து விழும் மழைத்துளி தரையை எட்டுமுன்பே ஆவியாகிவிடுகிறது. ஆவியாகும் நீர் சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. குளிர்ந்த காற்று கனத்துக் கீழ்நோக்கிப் பாய்ந்து, தரையில் மோதி நாற்புறமும் விரிகிறது. கொட்டிய நீர் தரையில் பரவுவதைப் போன்றது இது. அப் பரவலின் முன்விளிம்பில் புழுதி நெடுஞ்சுவராக எழுந்து நகரை நோக்கி வரும். சில நிமிடங்களில் வெப்பநிலை 10 பாகையளவுகூடக் குறையும். பார்வைத்தூரம் 1000 மீட்டருக்குக் கீழே போனால் அதை வானிலையாளர் புழுதிப் புயல் என்று பதிவு செய்வர். ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். பின்னால் சில துளி மழை விழுந்தால் காற்று முன்னிலும் தெளிவாகிவிடுவதும் உண்டு. பகலெல்லாம் வெந்த மக்கள் இதன் குளிர்ச்சியை விரும்பி வரவேற்பதைப் புரிந்துகொள்ளலாம்.

ஆயினும், இதன் வேகம் எளிதாகக் கருதத்தக்கதன்று. 2018 மே 2 இரவு இராஜஸ்தானின் கிழக்கு மாவட்டங்களையும் உத்தரப் பிரதேசத்தையும் தாக்கிய புயல்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். சாவுக்குக் காரணம் புழுதியன்று. சரிந்த சுவர்களும் விழுந்த மரங்களும் ஆகும். புழுதிச் சுவர் கண்ணில் பட்டால் பிள்ளைகளை உறுதியான கூரையின்கீழ்ச் சேர்ப்பதும், மதிற்சுவரின் ஓரத்தில் நிற்கவிடாமல் தடுப்பதும் ஆசிரியரின் முதல் வேலை.

மழையும் குளிரும்

பருவமழை ஜோத்பூரை ஜூன் கடைசியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ எட்டுகிறது. செப்டம்பர் நடுவில் மேற்கு இராஜஸ்தானிலிருந்து விலகத் தொடங்குகிறது. மழை காற்றைக் கழுவுகிறது. அதைவிட முக்கியமாக, தரையை நனைத்து மண்ணைப் பிணைத்துப் புல் முளைக்கச் செய்கிறது. ஆண்டின் தூய காற்று இக்காலத்ததே. ஆனால் மழை பொய்த்த ஆண்டில் இவ் விதி செல்லாது. வறட்சியாண்டின் புழுதி, அவ்வாண்டோடு நில்லாமல் அடுத்த கோடைக்கும் கைமாறுகிறது. புல் இல்லாத தரை அப்படியே காத்திருக்கிறது.

குளிர்காலமே நாம் சற்று நின்று ஆராய வேண்டிய பருவம். நவம்பர் முதல் ஜனவரி வரை காற்று மெதுவானது. வானம் நீலமாகத் தோன்றும். வெளியூரார் அக்காலத்தையே நல்ல பருவம் என்று தேடி வருகின்றனர். ஆனால் மே மாதத்தில் பல கிலோமீட்டர் உயரம் வரை கலந்து விரியும் காற்று, டிசம்பர் இரவில் சில நூறு மீட்டருக்குள் மூடப்பட்டுவிடுகிறது. தரை விரைவாகக் குளிர்வதால் கீழே குளிர்ந்த காற்றும் மேலே வெப்பமான காற்றுமாக அடுக்கு தலைகீழாகிறது. சட்டிக்கு மூடி போட்டாற்போல் இது அமைகிறது. அடியில் எரிக்கும் விறகு, வறட்டி, குப்பை, வண்டிகளின் டீசல் புகை யாவும் மூடிக்குள்ளே தங்கிவிடுகின்றன. இவை தரும் துகள்கள் பெரும்பாலும் 2.5 மைக்ரானுக்குக் குறைந்தவை. கண்ணுக்குப் புழுதியாகத் தெரியாதவை. நுரையீரலின் கடைசி அறைவரை செல்பவை. கோடைப் புழுதியின் பெரும்பகுதியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். குளிர்காலப் புகைக்கு அத்தகைய காவல் இல்லை. ஊரார் அஞ்சுவது மே மாதத்தை; டிசம்பரையும் அவ்வாறே அஞ்சக் கற்பித்தல் வேண்டும் என்பது எம் கருத்து.

அளத்தலும் எண்ணைப் படித்தலும்

2009 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த தேசியத் தர அளவின்படி, 10 மைக்ரானும் அதற்குக் குறைந்ததுமான துகள்கள், அதாவது பி.எம். 10, ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 100 மைக்ரோகிராமுக்கும், ஆண்டுச் சராசரியாக 60-க்கும் மேற்படலாகாது. பி.எம். 2.5 எனப்படும் நுண்துகளுக்கு இவ்வரம்புகள் முறையே 60, 40. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தவை இவற்றினும் மிகக் குறைவு.

தேசியக் காற்றுத்தரக் கண்காணிப்புத் திட்டத்தின்கீழ்க் கையால் இயக்கும் கருவிகளைக் கொண்டு வாரத்துக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம், ஆண்டுக்கு 104 நாள் மாதிரி எடுக்கும் முறை உள்ளது. கருவி காற்றை இழுத்து, பருந்துகளைச் சுழற்சியால் ஒதுக்கி, மீதியைக் கண்ணாடி இழை வடிதாளில் படியவிடுகிறது. கணக்கு எளிது. நிமிடத்துக்கு 1.1 கன மீட்டர் வீதம் 24 மணி நேரத்தில் 1584 கன மீட்டர் காற்று செல்லும். வடிதாளின் எடை 0.3168 கிராம் கூடியிருந்தால், கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராம் என்பது விடை.

ஆனால் ஆந்தி வந்த நாளில் இக் கணக்கு ஏமாற்றும். வடிதாள் அடைபட்டு, உள்ளே செல்லும் காற்று குறைந்துகொண்டே வரும். தொடக்க வேகத்தை மட்டும் வைத்துப் பெருக்கினால் காற்றின் அளவு உண்மையினும் மிகுதியாகவும், புழுதியின் அளவு உண்மையினும் குறைவாகவும் தோன்றும். ஆகையால், தாள் மாற்றும் ஒவ்வொரு தடவையும் தொடக்கத்திலும் முடிவிலும் வேகத்தைக் குறித்தாக வேண்டும். புயல் வந்து போன நேரத்தையும் அதே தாளில் எழுதுக. எண் அலுவலகத்துக்குப் போய்விடும். அந்த எண்ணின் காரணத்தை அறிந்தவர் களத்தில் நின்றவர் ஒருவரே.

அடுத்து, காற்றுத் தரக் குறியீட்டெண். 2015-இல் நடைமுறைக்கு வந்த இக் குறியீடு, எட்டு மாசுப் பொருள்களில் எது மிக மோசமோ அதன் நிலையையே நாளின் நிலையாகக் காட்டும். பாடத்துக்காக இரு நாட்களை வைத்துக்கொள்வோம். ஒரு மே நாளில் பி.எம். 10 அளவு 300, பி.எம். 2.5 அளவு 60 என்க. பி.எம். 10 அளவு 251-க்கும் 350-க்கும் இடையே இருப்பதால் அந்நாளின் குறியீடு 250, பி.எம். 2.5 தனியே தந்திருக்கக்கூடியது 100 மட்டுமே. ஒரு டிசம்பர் நாளில் பி.எம். 10 அளவு 180, பி.எம். 2.5 அளவு 105 என்க. இப்போது பி.எம். 10 தருவது ஏறத்தாழ 153, ஆனால் பி.எம். 2.5 தருவது 249. ஆக, முதல் நாள் 250, இரண்டாம் நாள் 249. இரண்டும் மோசம் என்ற ஒரே வகுப்பு. பலகையில் ஒரே நிறம். முதல் நாளின் காரணம் வயல்வெளியிலும் மணற்குன்றிலும் சாலையோர மண்ணிலும் உள்ளது; இரண்டாம் நாளின் காரணம் அடுப்பிலும் குப்பைமேட்டிலும் வண்டியின் குழாயிலும் உள்ளது. குறியீட்டை மட்டும் படிப்பவர் இரண்டுக்கும் ஒரே மருந்தை எழுதிவிடுவார். எனவே, குறியீட்டோடு பி.எம். 2.5 அளவைப் பி.எம். 10 அளவால் வகுத்து வரும் விகிதத்தையும் குறித்தல் வேண்டும். மேற்சொன்ன நாட்களில் அது முறையே 0.20, 0.58. விகிதம் குறைந்தால் மண், கூடினால் புகை என்று முதற்பார்வைக்குக் கொள்ளலாம்.

இதில் வெறும் படிப்பைக் கடந்த ஒரு விளைவும் உண்டு. 2019 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் பட்டியலில் ஜோத்பூரும் இடம் பெற்றது. துகள் அளவு எவ்வளவு குறைந்தது என்பதைக் கொண்டே அத் திட்டத்தில் நகரின் முன்னேற்றம் மதிப்பிடப்படுகிறது. நல்ல மழை பெய்த ஆண்டில் ஒன்றும் செய்யாத நகராட்சியும் பாராட்டுப் பெறக்கூடும். வறட்சியாண்டில் உண்மையாக உழைத்தவர் உழைப்பு மணலில் மறைந்துபோகக்கூடும். பருவம் பிரித்து, விகிதம் சேர்த்து அறிக்கை அனுப்பினாலன்றி இக் குறை தீராது.

மூச்சுவிடுவோர்

நகரத்தின் சராசரி எண் சராசரி மனிதனைப் பற்றியது. ஜோத்பூரைச் சுற்றி மணற்கல் வெட்டும் சுரங்கங்கள் பல உள்ளன. 1943-இல் கட்டி முடிக்கப்பட்ட உமைத் பவன் அரண்மனையும் இவ்வட்டாரக் கல்லால் எழுந்ததே. கல்லைத் துளையிடும்போதும் அறுக்கும்போதும் எழும் தூள், காற்றில் அலைந்து முனை மழுங்கிய பாலைமணலைப் போன்றதன்று. புதிதாக உடைந்த சிலிக்காவின் பரப்பு நுரையீரலுக்கு மிகவும் கொடியது. ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசித்தவருக்கு நுரையீரல் தழும்பேறி இறுகும் சிலிக்கோசிஸ் நோய் வருகிறது. அதற்கு மருத்துவம் இல்லை. வேலையை விட்ட பிறகும் அது வளரும். காசநோயைப் போலவே இருமலும் இளைப்பும் காட்டுவதால் தவறாகக் கருதப்படுவதும், உண்மையாகவே காசநோயை வரவழைப்பதும் உண்டு. 2019-இல் இராஜஸ்தான் அரசு இந் நோயினருக்கான தனிக் கொள்கையொன்றை அறிவித்தது. துளையிடும் முனையில் நீர் பாய்ச்சினால் தூள் பெருமளவு எழாமல் அடங்கும். துணியை மூக்கில் கட்டிக்கொள்வது போதிய காவலன்று. துணியின் கண்ணுக்கு இத் துகள் மிகச் சிறியது. சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆசிரியர் இதை ஒருமுறையேனும் சொல்லுதல் தகும்.

தடுக்கக் கூடியவை

மணற்குன்றுகளை நிலைநிறுத்தும் முறையை ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையம் வகுத்துத் தந்துள்ளது. 1952-இல் பாலைவனக் காடு வளர்ப்பு நிலையமாகத் தொடங்கி, 1959-இல் இப்பெயர் பெற்றது அது. குன்றை வேலியிட்டு ஆடுமாடுகளை விலக்க வேண்டும். உலர்ந்த புதர்க்கிளைகளைக் காற்றின் குறுக்கே வரிசையாகவோ கட்டம் கட்டமாகவோ நட்டுத் தரையருகே காற்றின் வேகத்தைக் குறைக்க வேண்டும். பருவமழை தொடங்கியதும் அவற்றினிடையே கன்றுகளையும் புல்லையும் நட வேண்டும். வயல்களில் கம்புத் தட்டையை அடியோடு அறுக்காமல் முழங்காலளவு விட்டுவைத்தாலே மண் பெரிதும் காக்கப்படும். இங்கே உழவர் வயலின் நடுவே விட்டுவைக்கும் கேஜ்ரி மரம், தமிழ்நாட்டுக் கோயில்களில் வன்னி என்று போற்றப்படும் அதே மரமாகும். 1730-இல் ஜோத்பூருக்கு அருகே கேஜர்லி சிற்றூரில் இம்மரங்களை வெட்டவிடாமல் தடுத்த பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிரிழந்தனர் என்பது அந்நாட்டு வரலாறு.

நகருக்குள் வேலை வேறு. காற்று கொணர்ந்து போட்ட மண்ணை வண்டிகள் நாள்தோறும் மீண்டும் மீண்டும் கிளப்புகின்றன. ஒரு பிடி புழுதி நூறு தடவை மூச்சில் ஏறுகிறது. சாலையின் ஓரத்தைக் கல்பாவி மூடுவதும், கட்டட மண்ணை மூடி வைப்பதும், உறிஞ்சும் இயந்திரத்தால் சாலையைத் துப்புரவு செய்வதும் பயன் தருவன. வெறுந் துடைப்பத்தால் விடியற்காலையில் பெருக்குவது, காற்று அசையாத நேரத்தில் புழுதியைக் கிளப்பிப் பெருக்குபவர் முகத்துக்கே அனுப்புவதாகும். நீர் தெளிப்பதைச் சிலர் பரிந்துரைப்பர். கால்வாய் வழியே தொலைவிலிருந்து குடிநீர் கொண்டுவரும் நகரில் அந் நீரைச் சாலையில் ஊற்றுவது எமக்கு உடன்பாடன்று. சுத்திகரித்த கழிவுநீர் கிடைக்குமாயின் தெளிக்கலாம்.

பள்ளியில் செய்யத்தக்க சோதனை

15 சென்டிமீட்டர் விட்டமுள்ள, உயரமான கண்ணாடி ஜாடி ஒன்றைப் பள்ளியின் மொட்டைமாடியில், சுவரையும் மரத்தையும் விட்டு விலக்கி வைக்கவும். விழுந்த புழுதி மீண்டும் பறக்காதிருக்க உள்ளே பாதியளவு வடித்த நீர் ஊற்றவும். மே மாதத்தில் நீர் விரைவில் வற்றும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்த்து நிரப்ப வேண்டும். 30 நாள் சென்றபின், இலை, பூச்சி முதலியவற்றை நீக்கி, எடை தெரிந்த கிண்ணத்தில் நீரை வற்றவைத்து மீண்டும் எடை போடவும். ஜாடியின் வாய்ப்பரப்பு 0.0177 சதுர மீட்டர். கிண்ணத்தில் 0.25 கிராம் புழுதி எஞ்சினால், சதுர மீட்டருக்கு மாதம் 14 கிராம், அதாவது சதுர கிலோமீட்டருக்கு 14 டன் என்று கணக்காகும்.

இத்துடன் நாட்குறிப்புத் தாள் ஒன்று வைத்துக்கொள்ளவும். மாடியிலிருந்து தெரியும் கோட்டை மதில், நீர்த்தொட்டி, கோபுரம் ஆகியவற்றின் தூரத்தை வரைபடத்தில் அளந்து முன்னரே எழுதி வைத்து, காலை எட்டு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் எவை தெரிகின்றன, எவை மறைந்தன என்று மாணாக்கர் குறிக்கட்டும். காற்றின் திசையையும், அருகே குப்பை எரிந்ததா என்பதையும் சேர்த்து எழுதுக. விழும் புழுதியை அளக்கும் இந்த ஜாடி குளிர்காலப் புகையை ஏறக்குறைய அறியவே அறியாது. டிசம்பரில் கிண்ணம் வெறுமையாக இருப்பதையும், அதே மாதத்தில் கோட்டை மதில் காலையில் மங்கித் தெரிவதையும் ஒரே தாளில் அருகருகே மாணாக்கருக்குக் காட்டலாம். ஜூலையில் மழைநீர் ஜாடியை நிரப்பி வழிந்துவிடக் கூடுமாதலால், அம் மாதத்தில் வாரந்தோறும் நீரைத் தனிப்பாத்திரத்தில் சேர்த்து வைத்து, மாத முடிவில் அனைத்தையும் ஒருசேர வற்றவைக்க வேண்டும்.